முத்துக்கரையில் ஒரு பாவசங்கீர்த்தன நூல்

மாணவர்களே, பாஞ்சாலங்குறிச்சி என்றதும் 1799இல் வீழ்ந்த கோட்டையே உங்கள் நினைவில் எழும். அதற்குக் கிழக்கே, முத்துக்குளிக்கும் கரையில், இரு நூற்றாண்டுகளுக்கும் முன்னரே வேறொரு முயற்சி நிகழ்ந்தது.

1542இல் வந்த சவேரியார் பரதவரிடையே மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டே பேசினார். செபம் கற்பிக்க அது போதும். ஆனால் ஒருவன் தன் குற்றத்தை மூன்றாமவன் வாய்வழியே எங்ஙனம் அறிக்கையிடுவான்? பின்வந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழையே கற்றுக்கொண்டார். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் அச்சாயிற்று. 1580இல் கொச்சியில் வெளிவந்த ‘கொம்பெசியொனாயரு’ பாவத்தை ஆராய்ந்து அறிக்கையிடும் முறையைக் கூறுவது.

‘பாவம்’ நம்மவர்க்குப் பழகிய சொல்தான். எனினும், நுகர்ந்து கழிக்கவேண்டிய வினை என்னும் எண்ணமே அதனோடு பெரிதும் ஒட்டியிருந்தது. கிறித்தவ நெறியிலோ அது தூயவனாகிய இறைவனுக்கு எதிராக இழைத்த பிழை. அவன் அருளாலன்றி மனித முயற்சியால் நீங்காது. பழஞ்சொல் இப்புதுச் சுமையையும் தாங்கிக்கொண்டது. தூய ஆவியை மட்டும் கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று போர்த்துகீசிய ஒலியிலேயே வழங்கினர். தயக்கமோ, பயபக்தியோ!

அடிகளார் 1600இல் மறைந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றார்.