செவிலியர் விழுங்கிய சொல்

நள்ளிரவில் உற்றார் ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டுக் கதவருகே நிற்கும் நாம், மருந்தைவிட முகங்களையே அதிகம் கவனிக்கிறோம். மருத்துவரிடம் சொன்னதைச் செவிலியர் அறியாதிருந்தால், சிகிச்சை செவ்வனே நடந்தாலும் நெஞ்சில் ஐயம் குடிகொள்கிறது. அவ்விருவரும் கலந்து பேசுவதைக் கண்டால் பாதி நோய் தீர்ந்ததுபோல் ஆறுதல் பிறக்கிறது. இவர்களிடையே நிலவிய மௌனத்திற்கு நீண்ட வரலாறு உண்டு.

1854 நவம்பர் 4ஆம் நாள், கிரிமியப் போரில் காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் கிடத்தப்பட்டிருந்த ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் வந்து சேர்ந்தார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்க அருட்சகோதரிகள் என்பதை நாம் பெரும்பாலும் நினைவுகூர்வதில்லை. இலண்டன் பெர்மாண்ட்சி கன்னியர் இல்லத்திலிருந்து அன்னை மேரி கிளேர் மூரும் வந்திருந்தார். இராணுவ மருத்துவர்களோ இப்பெண்களை வரவேற்கவில்லை. மருத்துவர் அழைக்காமல் எவரும் நோயாளிகளிடம் செல்லலாகாது என்று நைட்டிங்கேலே கட்டளையிட்டார். வீரர்கள் வேதனையில் கிடக்க, பணிவிடை செய்யவென்றே கடல் கடந்து வந்தவர்கள் சட்டைகளும் கட்டுத்துணிகளும் தைத்துக்கொண்டிருந்தனர். மறுநாள் இங்கர்மன் போர் மூண்டது. காயமுற்றோர் வெள்ளமென வந்து குவியவே, சில நாட்களில் மருத்துவர்கள் வேறு வழியின்றி அவர்களை அழைத்தனர்.

அந்தப் பொறுமையைக் குறைகூற நாம் துணியோம். மூடிய கதவைத் திறந்தது அதுவே. ஆயினும் காத்திருந்த நாட்களுக்கு விலை கொடுத்தவர்கள் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர்.

நூறாண்டுகளுக்கு மேலாகியும் அம்மௌனம் முற்றிலும் கலையவில்லை. 1967இல் லியனார்டு ஸ்டைன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் அதனை ஒரு விளையாட்டென்றே வருணித்தார். அவர் தரும் காட்சி இது: தந்தையின் மரணச் செய்தி கேட்டு உறக்கமின்றித் தவிக்கும் பெண்ணைப் பற்றிச் செவிலியர் இரவில் மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கிறார். முன்பு எந்த உறக்க மருந்து பயன் தந்தது என மருத்துவர் வினவுகிறார். செவிலியர் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்ல, மருத்துவர் அதையே தம் ஆணையாக வழங்குகிறார். யோசனை செவிலியருடையது, ஆனால் அப்படித் தோன்றலாகாது! இருவரும் திறமையாக ஆடினால் நோயாளி உறங்குவார். உயிர் ஊசலாடும் வேளையில் இத்தகைய நாசூக்குக்கு நேரம் ஏது?

1990இல் ஸ்டைனே, செவிலியர்கள் இவ்விளையாட்டை விட்டு விலகி வருவதாக எழுதினார். பின்னர் அமெரிக்கக் கடற்படையில் வழங்கிய ஒரு முறை மருத்துவமனைகளுக்கும் வந்தது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்னும் வரிசையில் செவிலியர் மருத்துவரிடம் பேச வேண்டும்.  1967இல் மறைத்துப் பேசப்பட்ட பரிந்துரை, இம்முறையில் வெளிப்படையான கடமையாயிற்று.

ஆயினும் மூத்த மருத்துவரின் முகக்குறிப்பைக் கண்டு, இளம் செவிலியர் அந்த நான்காவதை விழுங்கிவிடும் இரவுகள் இன்றும் உண்டு. கட்டிலில் கிடப்பவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.