நூற்றவளின் நேரம்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. ஏட்டில் எழுதியதும் நூல். இராட்டையில் நூற்றதும் நூல். 'பனுவல்' என்ற சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இந்த ஒற்றுமையை ஓர் உருவகமாகவே விரித்துக் காட்டினார். அவர் கணக்கில் சொல்லே பஞ்சு, பனுவலே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே அவள் கை, அவன் அறிவே அவள் கதிர்.

புலவனின் தொழிலை விளக்குவதற்கு நூற்கும் பெண்ணை உவமையாக அழைத்த இலக்கியம், அவளுடைய சொந்த வாழ்வைப் பற்றி அதிகம் பேசவில்லை. வரலாறு அதைவிடக் குறைவாகவே பேசியது. ஆடையை உடுத்திய அரசர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. அதை விற்ற வணிகக் குழுக்களின் பெயர்களும், நெய்த நெசவாளர் சமூகங்களின் பெயர்களும் கல்வெட்டுகளிலும் கணக்கேடுகளிலும் கிடைக்கின்றன. நூற்றவளின் பெயர் மட்டும் கிடைப்பதில்லை. அவள் நூற்பதற்கென்று தனியே ஒரு பொழுதை ஒதுக்கிக் கொண்டவள் அல்லள் என்பதே இதற்குக் காரணம். அடுப்புக்கும் தொட்டிலுக்கும் கிணற்றுக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் நூற்றாள். அந்த நேரத்திற்குக் கணக்கில்லை. ஆகவே அந்த உழைப்புக்கும் கணக்கில்லாமற் போயிற்று.

விட்டுத் தொடரும் தொழில்

உலகின் பெரும்பகுதியில் நூற்றல் பெண்களின் கைக்கு வந்தது ஏன் என்ற கேள்விக்கு அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஜூடித் பிரவுன் 1970-ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் அளித்தார். குழந்தையைப் பேணும் பொறுப்பு யாரிடம் உள்ளதோ, அவர்கள் செய்யக்கூடிய தொழிலுக்குச் சில தன்மைகள் வேண்டும். முழுக் கவனத்தையும் அது விழுங்கிவிடக் கூடாது. நடுவில் நிறுத்தினால் கெட்டுப் போகக் கூடாது. மீண்டும் எடுத்துத் தொடர எளிதாயிருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது. வீட்டை விட்டு நெடுந்தூரம் இழுத்துச் செல்லக் கூடாது. நூற்றல், பின்னல், பாய் முடைதல் ஆகியவை இந்த அளவுகோலுக்குள் அடங்குகின்றன. குழந்தை அழுதால் கதிரைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது இழை விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

நம் சங்கப் பாடல்களும் இதற்குச் சான்று தருகின்றன. புறநானூற்றின் 326-ஆம் பாடலில் பருத்தித் தொழில் செய்யும் பெண்ணொருத்தி இரவில் எழுந்து சிறு விளக்கொளியில் குப்பை நீக்கிப் புடைக்கும் காட்சி வருகிறது. பகற்பொழுது வீட்டுக்கு உரியதாயிருந்தமையால் இரவு பஞ்சுக்கு உரியதாயிற்று எனக் கொள்ளலாம். நற்றிணையின் 353-ஆம் பாடல், ஆண் துணையில்லாத மகளிர் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய நூலை மலைமேல் தவழும் மேகத்திற்கு உவமையாக்குகிறது. துணையிழந்த பெண்ணுக்கு நூல் சோறு போட்டது என்னும் செய்தி அந்த உவமைக்குள் பொதிந்து கிடக்கிறது.

கதிரும் இராட்டையும்

கைக்கதிர் நடந்துகொண்டே சுழற்றக் கூடியது. இராட்டையோ நூற்பவளை ஓரிடத்தில் அமர்த்தியது. ஆனால் அதே நேரத்தில் பல மடங்கு நூலைத் தந்தது. 'சர்க்கா' என்ற பெயரே, சக்கரத்தைக் குறிக்கும் 'சர்க்' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. நூற்புச் சக்கரத்தைத் தெளிவாகக் காட்டும் மிகப் பழைய ஓவியங்கள் 1237-ஆம் ஆண்டில் பாக்தாதில் வரையப்பட்டவை என்பர். இந்தியாவில் இக்கருவியைப் பற்றிய ஐயத்திற்கிடமில்லாத முதற்குறிப்பு, தக்காணத்துப் பாமினி அரசவையைச் சேர்ந்த கவிஞர் இசாமி 1350-இல் முடித்த 'ஃபுதூஹுஸ் ஸலாதீன்' என்ற பாரசீகக் காவியத்தில் கிடைக்கிறது. வரலாற்றறிஞர் இர்ஃபான் ஹபீப் இதனை எடுத்துக் காட்டியுள்ளார்.

அக்குறிப்பு வரும் இடம் நம் சிந்தனைக்குரியது. 1236 முதல் 1240 வரை டில்லியை ஆண்ட சுல்தானா ரஸியாவைக் குறைகூற வந்த இடத்தில்தான் இசாமி இராட்டையை நினைவுகூர்கிறார். பெண்ணுக்கு உரியது அரியணையன்று, இராட்டையே என்பது அவர் கருத்து. அரசாள்வதோடு ஒப்பிட்டு அவர் தாழ்த்திக் கூறிய அந்தக் கருவியின் மீதுதான், அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் இந்தியத் துணி வாணிகம் முழுவதும் நின்றது.

இது மிகையன்று. ஒரு தறி ஓயாமல் ஓட வேண்டுமானால், அதற்குப் பாவும் ஊடையும் கொடுக்கப் பல பெண்கள் நூற்றாக வேண்டும். 1807 முதல் 1814 வரை வங்காளத்தையும் பீகாரையும் ஆய்ந்த பிரான்சிஸ் புக்கானன், பாட்னாவும் கயாவும் அடங்கிய பகுதியில் மட்டும் நூற்கும் பெண்கள் 3,30,426 பேர் எனக் கணக்கிட்டார். அவர்களுள் மிகப் பலர் பிற்பகலில் சில மணி நேரமே நூற்றனர் என்றும் அவர் எழுதினார். அவர்கள் ஓராண்டில் நூற்ற நூலின் மதிப்பு ரூ. 23,67,277. பஞ்சின் விலை போக நின்ற ஆதாயம் ரூ. 10,81,005. அதாவது ஒருத்திக்கு ஆண்டுக்கு மூன்றேகால் ரூபாய்.

தனித்துப் பார்த்தால் மூன்றேகால் ரூபாய் சிறு தொகை. ஆனால் அது வேறெந்த வேலையையும் விடாமல், வீட்டை விட்டு வெளியேறாமல், சமைத்து முடித்த பின் மிஞ்சிய பொழுதில் ஈட்டிய தொகை. கோஷா காத்த முஸ்லிம் மகளிரும், மறுமணத்திற்கு இடமில்லாத குலத்து இந்துக் கைம்பெண்களும் மானத்தோடு ஈட்டக் கூடிய வருவாயாக அது இருந்தது. டாக்கா மஸ்லினுக்கு நூற்ற பெண்களோ தம் பொழுதை வானிலைக்கு ஏற்ப வகுத்துக் கொண்டனர். காற்றில் ஈரம் இருந்தால்தான் அந்த மெல்லிய இழை அறாமல் நீளும். ஆகவே பனி உலருமுன் காலையிலும், வெயில் தணிந்த பின் மாலையிலும் நூற்றனர். நடுப்பகல் வீட்டு வேலைக்கு விடப்பட்டது.

ஒரு பெண்ணின் முறையீடு

செராம்பூரிலிருந்து 1818 முதல் வெளிவந்த 'சமாச்சார் தர்ப்பண்' என்ற வங்காள இதழில், 1828-ஆம் ஆண்டில் ஒரு கடிதம் அச்சாயிற்று. சாந்திப்பூரைச் சேர்ந்த நூற்கும் பெண்ணொருத்தியின் முறையீடு அது. அவள் பெயர் அதில் இல்லை. இருந்தபோதிலும், நூற்றவளின் குரல் நேராக நம் செவியில் விழும் மிகச் சில இடங்களுள் அது ஒன்று.

அவள் இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்தவள். மாமனார், மாமியார், மூன்று பெண் குழந்தைகள் ஆகிய ஐவரும் அவள் பொறுப்பாயினர். நகைகளை விற்றுக் கணவனின் ஈமக் கடனைச் செய்தாள். பட்டினி வாயிலில் நின்றபோது நூற்கத் தொடங்கினாள். அவள் தன் ஒரு நாளை விவரிக்கிறாள்: காலையில் வீட்டைத் துப்புரவு செய்த பின் உச்சிப்பொழுது வரை இராட்டை, பிறகு சமையல், முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் சோறிட்டுத் தானும் உண்ட பின் தக்ளியில் மெல்லிய நூல். இவ்வாறு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு தோலா, அதாவது சுமார் 11.7 கிராம் நூல் சேரும். நெசவாளர்கள் வீடு தேடி வந்து, ரூபாய்க்கு மூன்று தோலா என்று வாங்கிச் சென்றனர். கேட்டால் முன்பணமும் கொடுத்தனர். அந்த வருவாயில் 28 ரூபாய் சேர்த்து மூத்த மகளுக்கு மணம் முடித்தாள். அவ்வாறே மற்ற இருவருக்கும் முடித்தாள். மாமனார் இறந்தபோது நெசவாளர்களிடம் 44 ரூபாய் கடன் வாங்கினாள். ஒன்றரை ஆண்டில் அதனை நூலாலேயே அடைத்தாள்.

பின்னர் நெசவாளர்கள் வருவது நின்றது. சந்தைக்கு அனுப்பினாலும் பழைய விலையில் கால்பங்குகூடக் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகளாக அவளும் மாமியாரும் அரை வயிற்றோடு வாழ்ந்தனர். சீமையிலிருந்து நூல் வந்து குவிகிறது என்று பலரும் கூறினர். தன் நூலுக்குச் சீமை நூல் ஈடாகாது என்ற பெருமிதத்தோடு அதனை வரவழைத்துப் பார்த்தாள். தன்னுடையதைவிட அது நன்றாக இருக்கக் கண்டாள். அதன் விலையோ சேர் மூன்று, நான்கு ரூபாய்தான் என்று அறிந்தாள்.

அந்த நிலையில் அவள் மனம் சென்ற திசைதான் இக்கடிதத்தை மறக்க முடியாததாக்குகிறது. அவள் சீமையைச் சபிக்கவில்லை. சீமையில் எல்லாரும் செல்வர் என்று எண்ணியிருந்தேன், என்னைவிட ஏழைப் பெண்கள் அங்கும் இருக்கிறார்களே என்று நெற்றியில் அடித்துக் கொள்கிறாள். இவ்வளவு பாடுபட்டு நூற்றதை அங்கே விற்க வழியில்லாமல்தானே இங்கு அனுப்புகிறார்கள் என்று இரங்குகிறாள். இங்கு அனுப்புவது நியாயந்தானா என்று எண்ணிப் பார்க்கும்படி அந்த அறிமுகமில்லாத சகோதரிகளையே வேண்டிக் கொள்கிறாள். நூல் என்றால் அதன் பின்னால் ஒரு பெண்ணின் கை இருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த உலகம் அது. இயந்திரம் அவள் கற்பனைக்கு எட்டவில்லை.

சீமையில் நடந்தது

அவள் நினைத்தது ஒரு வகையில் தவறு. மற்றொரு வகையில் உண்மை. இங்கிலாந்தின் கிராமத்துப் பெண்களும் ஒரு காலத்தில் வீட்டு வேலைகளுக்கிடையே நூற்றுப் பிழைத்தவர்களே. ஹார்கிரீவ்ஸின் 'ஜென்னி' 1764-ஐ ஒட்டியும், ஆர்க்ரைட்டின் நீர்விசைப் பொறி 1769-இலும், கிராம்ப்டனின் 'மியூல்' 1779-இலும் தோன்றின. அப்பெண்களின் வருவாய் சாந்திப்பூருக்கு முன்பே அங்கு மறைந்தது. பிழைப்பு போகுமே என்று அஞ்சியவர்கள் ஹார்கிரீவ்ஸின் பொறிகளை உடைத்தமையால் அவர் 1768-இல் நாட்டிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தார். பின்னர்ப் பெண்களும் சிறுவரும் ஆலைக்குள் சென்றனர். 1819-ஆம் ஆண்டுச் சட்டம், பருத்தி ஆலைகளில் 9 வயதுக்கு மேல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வேலையை நாளுக்கு 12 மணி நேரமாக 'குறைத்தது' என்றால், நிலைமையை நாம் ஊகித்துக் கொள்ளலாம். குழந்தை அழுதால் கதிரைக் கீழே வைக்கும் உரிமை ஆலையில் இல்லை. மணி அடித்தால் தொடங்க வேண்டும்; மணி அடித்தால்தான் நிறுத்த வேண்டும். வீடும் தொழிலும் அன்று இரண்டாகப் பிரிந்தன.

இயந்திரம் எட்டாத மூலைகளில் இரண்டும் சிறிது காலம் சேர்ந்தே இருந்தன. பிரிட்டனின் வடகோடியிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில், எரிப்பதற்கான கரிமண் கட்டிகளைக் கூடையில் முதுகில் சுமந்து வரும் பெண்கள் நடக்கும்போதே கம்பளி பின்னினர். இடுப்பில் கட்டிய தோற்கச்சையின் துளையில் ஓர் ஊசியைச் செருகிக் கொண்டால் கைக்குப் பாரம் குறையும். இந்தத் திறமைக்கு அவர்கள் பெற்ற கூலி என்ன? கடைக்காரர்கள் பணம் தராமல் தேயிலையும் துணியுமாகத் தந்தனர் என்பதை 1872-ஆம் ஆண்டின் அரசு விசாரணை வெளிப்படுத்தியது. நடக்கும்போது செய்கிற வேலைதானே என்ற எண்ணம் கூலியிலும் புகுந்துவிட்டது.

எண்ணப்படாத இழப்பு

ஆலை நூல் வந்தபோது இந்திய நெசவாளர் துன்புற்றார். ஆயினும் அந்த நூலையே வாங்கித் தறியில் ஏற்றிச் சில காலம் தாக்குப்பிடித்தார். நூற்றவளுக்கு அந்த வழியும் இல்லை. நெசவாளரின் வீழ்ச்சியைச் சரித்திரம் பேசுகிறது. அவர்க்குத் தறி இருந்தது, தெரு இருந்தது, சங்கம் இருந்தது. நூற்றவள் வீட்டுக்குள் தனியே இருந்தாள். அவள் வருவாய் எவ்வாறு ஓசையின்றி வந்ததோ அவ்வாறே ஓசையின்றிப் போயிற்று. 1931-இல் காந்தியடிகள் அம்முறையீட்டைத் தம் 'யங் இந்தியா' இதழில் மறுபதிப்புச் செய்யும் வரை, நாடு அவளைப் பெரிதும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:92), உறுதியாக நூற்றதைத் தானே பிரித்துக் குலைத்துவிட்ட பெண்ணின் உவமை வருகிறது. உடன்படிக்கையை முறிப்போருக்கு எச்சரிக்கையாக அது கூறப்படுகிறது. நூற்பதன் அருமை அறிந்த மக்களிடையே அந்த உவமை எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கும்! தன் உழைப்பைத் தானே குலைப்பது அறியாமை. பிறர் உழைப்பு குலைவதைக் கண்டும் அதை உழைப்பென்றே எண்ணாதிருப்பதற்கு என்ன பெயர் சூட்டுவது?

இக்கேள்வி பழங்கதையோடு முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில், கோரையைத் தாமிரபரணி நீரில் ஊறவைத்து, மயிரிழைபோற் கிழித்து, பட்டுப்போல மடியும் பாயை நெய்பவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். அவர்களும் உலை கொதிக்கும் நேரத்திலும் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின்னரும் பாயில் அமர்கிறார்கள். பாயின் விலையை எல்லாரும் பேசுகிறோம்; அதில் கலந்த மணிகளை எவரும் பேசுவதில்லை. நாடு முழுவதற்குமான முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019-இல்தான் நடந்தது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிடுவதாக அது கண்டது. அந்த 299 நிமிடங்களின் நடுவில்தான் பாயும் நூலும் பின்னலும் உருவாகின்றன.

நம் ஊர்களின் வரலாற்றை எழுத முனைவோர் பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் மரக்கலங்களையும் வணிகப் பெருமக்களையும் பதிவு செய்கின்றனர், அது நற்பணி. அதனோடு, வீட்டின் பின்கட்டில் பாயும் நூலும் பின்னலும் செய்து பிள்ளைகளைக் கரையேற்றிய மூதாட்டியரிடமும் சென்று, எத்தனை நாழிகை உழைத்தீர்கள், என்ன கொடுத்தார்கள், அந்தக் காசு எதற்குப் பயன்பட்டது என்று கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும். சாந்திப்பூர்ப் பெண் தன் வரவு செலவைக் காசு பிசகாமல் சொல்லி வைத்திருந்தாள். கேட்டால் நம் ஊர்ப் பெண்களும் சொல்வார்கள்.