மேக் முகவரி

நெட்வொர்க் கார்டின் வன்பொருள் எண்ணுக்கு இந்தப் பெயர். மீடியா ஆக்சஸ் கன்ட்ரோல் என்பதன் சுருக்கம். மீடியா என்பது இங்கே தரவு ஓடும் கம்பி அல்லது காற்றலை. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் 1973இல் பிறந்த ஈதர்நெட்டில் கணினிகள் எல்லாம் ஒரே கேபிளைப் பகிர்ந்தன. யார் எப்போது அனுப்பலாம் என்று முறைப்படுத்தும் அடுக்கின் பெயர், அது கையாளும் முகவரிக்கும் ஒட்டிக்கொண்டது.

நீளம் 48 பிட். வழக்கமாக முதல் 24 பிட்டை ஐட்ரிபிள்ஈ என்ற தர அமைப்பு ஒதுக்கும். மிச்சம் தயாரிப்பாளர் பொறுப்பு.

டிரைவர் எழுதுகிறவர் உற்றுப் பார்க்க வேண்டியது முதல் பைட்டை. அதன் கடைசி பிட் 1 என்றால் அது குழு முகவரி. தனியொரு கார்டுக்கு ஆகாது. அதற்கு முந்தைய பிட் 1 என்றால் உள்ளூரில் சூட்டியது. கார்டில் முகவரி பதிவாகாமல் காலியாக இருந்தால், லினக்ஸ் டிரைவர்கள் பல தற்செயல் எண் ஒன்றை எடுத்து, இந்த இரண்டு பிட்டையும் திருத்திச் சூட்டுகின்றன. 02 என்று தொடங்குவது அத்தகைய உள்ளூர் முகவரிதான்.

அப்படிச் செய்யாமல், கார்டு உள்ள எல்லாப் பலகைக்கும் ஒரே முகவரியை நிரலிலேயே பதித்துவிடுவதை மன்னிக்கவே முடியாது. இரண்டு பலகைகள் ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்ததும், முகவரி எந்தப் போர்ட்டில் என்று சுவிட்ச் மாற்றி மாற்றிப் பதியும். ஒன்றுக்கு வந்த பாக்கெட் மற்றதற்குப் போய்விடும்.