முதுகில் டிஸ்க் பிரச்னை இருக்கிறதா? கைரோபிராக்டரிடம் போவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

சில்க் போர்டில் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்குவதற்குள் இடுப்பு ‘போதும்டா சாமி’ என்று சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒன்பது மணி நேரம் நாற்காலி. ஒருநாள் வலி தாங்காமல் எம்.ஆர்.ஐ. எடுத்தால், ரிப்போர்ட்டில் ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’ என்று ஒரு வரி. அன்று ராத்திரியே போனில் ரீல்ஸ் வரிசை கட்டும். ஒருவர் படுத்திருப்பார், இன்னொருவர் அவர் கழுத்தை ஒரு திருப்பு திருப்புவார், ‘டக்’ என்று சத்தம், படுத்திருந்தவர் முகத்தில் நிம்மதிச் சிரிப்பு. பக்கத்து சீட் நண்பரும் சொல்வார்: “ஃபேஸ் ஒன் பக்கம் ஒரு இடம் இருக்கு மச்சி, ஒரே சிட்டிங்ல சரியாயிடும்.”

போகலாமா, வேண்டாமா? அது உங்கள் முதுகில் இருக்கும் பிரச்னை எது என்பதைப் பொறுத்தது. ஒருவருக்கு இதம் தரும் அதே அழுத்தம் இன்னொருவரின் நரம்பைக் கெடுத்துவிடலாம். அதனால் முதலில் நோயின் பெயர் தெரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் முதுகில் யாரையும் கை வைக்க விட வேண்டும்.

கைரோபிராக்டிக் என்பது என்ன?

1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் ஊரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கிய சிகிச்சை முறை இது. முதுகெலும்பு லேசாக இடம் மாறுவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று அவர் நம்பினார். அந்தக் கருத்தை இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. இப்போது பெரும்பாலும் முதுகு, கழுத்து, மூட்டு வலிகளுக்காகவே மக்கள் கைரோபிராக்டரிடம் போகிறார்கள். மூட்டு தானாக அசையும் எல்லைக்குக் கொண்டுபோய், அங்கே வேகமாக ஒரு சின்ன அழுத்தம் கொடுப்பதுதான் இதன் முக்கியமான உத்தி.

அந்த ‘டக்’ சத்தம் எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூட்டுக்குள் உள்ள திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயு இடைவெளி உருவாகிறது. நாம் விரலில் நெட்டி எடுக்கும்போது வருவதும் இதே சத்தம்தான். சத்தம் வந்ததால் பிதுங்கிய டிஸ்க் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம் கிடையாது. சத்தம் வராததால் சிகிச்சை தோற்றது என்றும் இல்லை.

பலன் உண்டா?

சாதாரண இடுப்பு வலிக்கு ஓரளவு உண்டு. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்தில்லாச் சிகிச்சைகளில் ஒன்றாக முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் முறையையும் சேர்த்திருக்கிறது. நீண்டநாள் இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த வழிகாட்டுதலும் இதை நிபந்தனையோடு ஏற்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல், உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே இதைப் பரிசீலிக்கலாம் என்றது. மொத்தத்தில், கிடைக்கும் நிவாரணம் மிதமானது, தனியாக நின்று குணப்படுத்தும் சிகிச்சை இது இல்லை.

இந்த மூன்றும் பேசுவது இடுப்பு வலியைப் பற்றி. முதுகெலும்பில் குறிப்பிட்ட நோய் ஒன்று இருப்பவரின் கதை வேறு.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். எந்த வலியும் இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய 2015-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், 30 வயதுக்காரர்களில் சுமார் 40% பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த ஒரு வரிதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஸ்கேனையும் உங்கள் உடம்பையும் சேர்த்துப் பார்த்து ஒரு டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

யார் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்?

கைரோபிராக்டிக் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதுகெலும்பை வேகமாக அழுத்தவே கூடாத நிலைகளின் பட்டியல் இருக்கிறது. நம் சூழலுக்கு முக்கியமானவை இவை:

• டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தி, காலில் பலவீனமோ மரத்துப்போவதோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது.

• முதுகெலும்புக் காசநோய் அல்லது வேறு தொற்று. உலகிலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இந்தியா. மாலையில் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றோடு முதுகு வலியும் இருந்தால், ‘உட்கார்ந்தே வேலை செய்றதால வருது’ என்று விட்டுவிடாதீர்கள்.

• எலும்பு முறிவு, முதுகெலும்பில் புற்றுநோய் அல்லது கட்டி.

• முதுகெலும்புகள் நிலையில்லாமல் அசைவது. ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் என்று ரிப்போர்ட்டில் இருந்தால், எவ்வளவு நகர்ந்திருக்கிறது, நிலையாக இருக்கிறதா என்று எலும்பு மருத்துவர் சொல்லும்வரை போகாதீர்கள்.

• அறுவை சிகிச்சையில் ஸ்க்ரூ, ராடு பொருத்தியிருப்பது.

இவற்றோடு, பலகாலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கும் எச்சரிக்கை தேவை.

இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நோய் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு கட்டை மாதிரி விறைத்திருக்கும். நடந்தால் குறையும், ஓய்வெடுத்தால் கூடும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். நாளடைவில் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம், அப்படி ஒட்டிய எலும்பு சின்ன அழுத்தத்தில்கூட உடையலாம். இந்த அறிகுறிகள் இருந்தால் நீங்கள் போக வேண்டியது ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத மருத்துவரிடம்.

கழுத்து விஷயத்தில் இன்னும் கவனம்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் கழுத்து வழியாகத்தான் போகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பிய பிறகு, அரிதாக, அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. 2024-இல் கர்நாடகத்தின் பல்லாரியில், சலூனில் தலை மசாஜ் முடிந்து கழுத்தைத் திருப்பிவிட்ட பிறகு ஓர் இளைஞருக்குப் பக்கவாதம் வந்தது செய்தியானது. அங்கே திருப்பியது கைரோபிராக்டர் இல்லை. ஆனால் கழுத்து ஒன்றுதான். சலூனில் ‘ஃப்ரீயா’ கிடைக்கும் நெட்டியாக இருந்தாலும், ஊரில் சுளுக்கு எடுப்பவராக இருந்தாலும், கிளினிக்காக இருந்தாலும், “கழுத்தைத் திருப்ப வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இந்தியாவில் இவர்களை யார் கண்காணிக்கிறார்கள்?

பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைரோபிராக்டர்களுக்கென்று தனி கவுன்சில் இருக்கிறது, அதில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது. இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கு அப்படித் தனிச் சட்டமோ கவுன்சிலோ இல்லை. எம்.பி.பி.எஸ். டாக்டர்களைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். பிசியோதெரபியும் 2021-இல் வந்த மத்தியச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. கைரோபிராக்டர் விஷயத்தில் மட்டும் சரிபார்க்கிற வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, முழுமையான கைரோபிராக்டிக் படிப்பு என்றால் நான்கு வருடம், குறைந்தது 4,200 மணி நேர வகுப்பு. அதில் 1,000 மணி நேரமாவது நேரடிக் கண்காணிப்பில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் அதே பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்ள முடியும் என்பதுதான் இங்கே சிக்கல்.

புக் பண்ணுவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. “எங்கே படிச்சீங்க, எத்தனை வருஷம்?” நேர்மையானவருக்கு இந்தக் கேள்வி கோபம் தராது.

2. “என் ரிப்போர்ட்டைப் பார்ப்பீங்களா? கால் பலம், உணர்ச்சி, ரிஃப்ளெக்ஸ் எல்லாம் சோதிப்பீங்களா?” சோதிக்காமல் நேராகக் கட்டிலில் படுக்கச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

3. “எனக்கு எந்த இடத்துல, என்ன செய்யப் போறீங்க? வேகமா அழுத்தாம, மெதுவா அசைக்கிற முறை இருக்கா?”

4. “எத்தனை சிட்டிங்? பலன் இல்லைன்னா எப்போ நிறுத்துவோம்?” முப்பது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் மாற்றமே தெரியவில்லை என்றால் வழியை மாற்ற வேண்டும்.

5. கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ். கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2007-ஆம் ஆண்டின் கே.பி.எம்.இ. சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அந்த எண் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

கூச்சப்படாமல் உங்கள் நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரைகள், செய்துகொண்ட அறுவை சிகிச்சை, கர்ப்பமாக இருந்தால் அது என எல்லாவற்றையும் நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

எப்போது நேராக மருத்துவமனை?

சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பு வலிப்பது பலருக்கும் வருவதுதான். ஆனால் சிறுநீர் போக முடியாமல் அடைபடுவது, அல்லது மலமும் சிறுநீரும் தெரியாமல் வெளியேறுவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போவது, காலில் திடீர் பலவீனம் ஆகியவை முதுகுத் தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள். இதில் மணிக்கணக்கில் தாமதித்தாலும் பாதிப்பு நிரந்தரமாகலாம். கழுத்தைத் திருப்பிய பிறகு புதிதாகக் கடும் தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் கோணுவது ஆகியவை வந்தாலும் அப்படித்தான். கைரோபிராக்டருக்குப் போன் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

டிஸ்க் பிதுங்கி காலுக்கு இறங்கும் வலிகூட, பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்கள் முதல் சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. எனவே அவசரம் வேண்டாம். இந்த வாரம் ஒரு எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்த்து, மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என் பிரச்னையின் பெயர் என்ன, என் முதுகில் வேகமாக அழுத்தலாமா, எந்தப் பயிற்சி செய்யலாம். ‘அழுத்தலாம்’ என்று அவர் சொன்னால், அந்தச் சீட்டோடு கைரோபிராக்டரிடம் போங்கள். ‘கூடாது’ என்றால், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியும், மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்து நடப்பதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. நண்பருக்கு ஒரே சிட்டிங்கில் சரியானது அவருடைய முதுகு. உங்களுடையதைப் பற்றி அந்த ‘டக்’ சத்தம் எதுவும் சொல்லாது.