உடலளவும் குருதியமுக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

மனித உடல் அவரவர் கையால் எண்சாண் என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாகக் கொண்ட கணக்காகும். ஒரு சாண் பன்னிரண்டு விரற்கடை. ஆதலின் உடலின் உயரம் 96 விரற்கடை. அளக்கப்படுவோனின் கையே அளவுகோலாய் அமைதல் இக்கணக்கின் சிறப்பு. பிறர் உடல்களிலிருந்து திரட்டிய எண்ணைக் கொண்டு ஒருவனை மதிப்பிடும் வழக்கம் பிற்காலத்தது. அவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, வளர்ந்தோரிடத்துக் காணப்படும் உயர் குருதியமுக்கத்தை முன்னறிதற்கு அது எவ்வளவிற்குத் துணை செய்தது, எவ்விடத்துப் பிழைத்தது என்பன ஈண்டு நோக்கற்பாலன.

பேச்சு வழக்கிலே 'பிறசர்' எனப்படும் குருதியமுக்கம் அளவுகோலுக்கு உட்பட்டது அண்மைக் காலத்திலேயே. ஸ்தீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் பெண் குதிரையொன்றின் நாடியிற் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு கண்ணாடிக் குழாயொன்றைப் பொருத்தினார். குருதி எட்டடிக்கு மேல் எழுந்தது. இச்செய்தியை அவர் 1733 இல் நூலாக வெளியிட்டார். மனிதரிடத்து இம்முறையைக் கையாளுதல் இயலாதென்பது வெளிப்படை. ஊறு செய்யாது அளக்கும் வழியை இத்தாலிய மருத்துவர் றிவா-றொச்சி 1896 இற் காட்டினார். மேற்கையிற் காற்றுப்பட்டி கட்டி, நாடி அடங்கும் நிலையை இரச மட்டத்தால் அறிவது அவர் முறை. 1905 இல் உருசிய மருத்துவர் கொறொற்கோவ் பட்டியின் கீழே செவிக்குழாய் வைத்துக் கேட்கும் ஒலிகளால் மேலமுக்கத்தையும் கீழமுக்கத்தையும் தனித்தனி கண்டறியலாமென விளக்கினார்.

மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, அத்துறை நூல்களையும் தமிழிலே தந்த டாக்டர் சாமுவேல் கிறீன் 1884 இல் மறைந்தார். றிவா-றொச்சியின் கருவி தோன்றியது அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தே. ஆகவே, அக்காலத்து யாழ்ப்பாண வைத்தியர்க்கு, நாட்டு வைத்தியராயினும் மேலைத்தேய வைத்தியராயினும், விரலால் உணரும் நாடியே துணையாயிருந்தது.

உடலளவின் வரலாறு இதனினும் வேறான வழியிலே வளர்ந்தது. பெல்சியம் நாட்டு வானியலறிஞர் குவெற்றலே 1830களில் மாந்தர் பலரின் உயரத்தையும் நிறையையும் ஒப்பிட்டு, வளர்ந்தோரின் நிறை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதைக் கண்டார். அவர் தேடியது சராசரி மனிதனை. நோயைப் பற்றிய எண்ணம் அவருக்கில்லை. அக்கணக்கை 1972 இல் அமெரிக்க அறிஞர் அன்சல் கீஸ் மீண்டும் எடுத்து, உடற்றிணிவுச் சுட்டி எனப் பெயரிட்டார். கிலோகிராமிற் கூறும் நிறையை மீற்றரிற் கூறும் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண் அது. கீசும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தோர் ஆடவர் மட்டுமே. இந்திய, இலங்கை மக்கள் அவருள் இடம்பெற்றிலர்.

இருவேறு வழிச்சென்ற இவ்விரண்டு அளவுகளையும் முதலில் ஒன்றுசேர்த்தவை காப்புறுதிக் கம்பனிகளாகும். இறப்பை முன்னறிதல் அவற்றின் வாணிகத்துக்கு இன்றியமையாதது. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் 26 கம்பனிகள் சுமார் ஐம்பது இலட்சம் பத்திரங்களை ஆராய்ந்து 1959 இல் வெளியிட்ட அறிக்கை, உடற்கட்டும் குருதியமுக்கமும் என்னும் பொருள் பற்றியதே. நிறை மிகுந்தோரிடத்து அமுக்கமும் மிகுதல் அதனால் துலங்கியது. 1948 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிராமிங்காம் என்னும் ஊரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நீண்டகால ஆய்வும், உடல் பருத்தவர் பின்னாளில் உயர் அமுக்கத்துக்கு ஆளாதலை உறுதிப்படுத்திற்று. 1988 இல் வெளியான இன்ரர்சோல்ற் ஆய்வு 52 நிலையங்களில் 10,079 பேரைச் சோதித்து, உப்போடு உடற்றிணிவும் அமுக்கத்தோடு தொடர்புடையதெனக் காட்டியது.

எனினும், நிறைகோல் கூறுவது நிறையை மட்டுமே. அது தசையின் நிறையா, கொழுப்பின் நிறையா, கொழுப்பாயின் எவ்விடத்துத் தங்கியது என்பனவற்றை அது கூறாது. மார்செயில்ஸ் நகரத்து மருத்துவர் சோன் வாக் என்பார் 1947 இலேயே, தொடையிலும் இடுப்பின் கீழும் படியும் கொழுப்பினும் உடலின் மேற்பகுதியிற் படியும் கொழுப்பே கேடு மிக்கது என எழுதினார். அவர் கூற்றுப் பல்லாண்டுகள் போற்றப்படாதிருந்தது. வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்து படியும் கொழுப்பு, நரம்புகளின் தூண்டலை மிகுவித்தும், சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதைத் தடுத்தும், நாடிகளைச் சுருக்கும் சுரப்புகளைப் பெருக்கியும் அமுக்கத்தை உயர்த்துகின்றதென்பது இன்று தெளிவு.

இவ்வுண்மை தென்னாசிய மக்களுக்குப் பெரிதும் உரியது. புனே நகரத்து யாஜ்னிக் என்னும் மருத்துவரும் இங்கிலாந்து அறிஞர் யூட்கினும் தம் உடல்களையே சோதித்து 2004 இல் வெளியிட்ட செய்தி ஈண்டு நினைவுகூரத்தக்கது. இருவர்க்கும் உடற்றிணிவுச் சுட்டி 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆங்கிலேயர் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, இந்தியர் உடலில் 21.2 பங்கு. நிறைகோலின்முன் இருவரும் ஒருவரே. உள்ளே இருவரும் வேறு.

சென்னையில் சினேகலதா, விஸ்வநாதன், இராமச்சந்திரன் என்போர் இந்திய நகரங்களின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வளர்ந்தோரின் அளவுகளை நீரிழிவோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உடற்றிணிவுச் சுட்டி 23 ஐயும், இடைச் சுற்றளவு ஆடவர்க்கு 85 சென்றிமீற்றரையும் பெண்டிர்க்கு 80 சென்றிமீற்றரையும் கடத்தலாகாதென 2003 இல் அவர்கள் கூறினர். மேலைத்தேயத்தார் சுட்டி 25 என வகுத்த எல்லையினும் இது தாழ்ந்தது. மறு ஆண்டிலே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழுவும் ஆசிய மக்களைப் பொறுத்தவரை 23 என்னும் எண்ணிலேயே எச்சரிக்கை தொடங்குதல் வேண்டுமென உரைத்தது.

இனி, இலங்கையின் நிலை யாது? 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நாடளாவ நிகழ்ந்த ஆய்விலே வளர்ந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் உயர் குருதியமுக்கம் உடையராய்க் காணப்பட்டனர். ஆனால், 'நாடளாவ' என்னும் சொல் அன்று ஏழு மாகாணங்களையே குறித்தது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் அதிற் சேர்க்கப்படவில்லை. பிறர் அளவால் அளக்கப்பட்ட மக்கள், தம் நாட்டுக் கணக்கிலும் அளக்கப்படாது விடப்பட்டனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் பின்னர் இம்மாவட்டத்து மக்களிடை நடத்திய ஆய்வுகளே அக்குறையை நிரப்பத் தொடங்கின.

வலிகாமத்தின் வடபாலுள்ள அளவெட்டியை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். செம்மண் நிறைந்த தோட்ட நிலம், வற்றாது ஓடும் ஆறு இல்லை, பாசனத்துக்குக் கிணறே துணை. துலா மிதித்தும் பட்டை பிடித்தும் நீர் இறைத்தே புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைவித்தனர் முன்னையோர். விடியுமுன் தொடங்கிய அவ்வுழைப்பு வயிற்றிற் கொழுப்புத் தங்க இடங்கொடுத்ததில்லை. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, துலாக்கள் மறைந்தன. மிதிவண்டியின் இடத்தை மோட்டார்ச் சைக்கிள் பற்றியது. போர்க்கால இடப்பெயர்வுகள் பலரைத் தோட்டத்தினின்றும் பிரித்தன. இருந்து செய்யும் தொழிலுக்கு மக்கள் மாறினர். உண்ணும் சோற்றின் அளவோ அவ்வளவு மாறவில்லை. இதனால், கையும் காலும் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு பெருகிற்று. இவ்வுடலைக் கண்டு, "மெலிந்த ஆள், இவருக்கேன் பிறசர்?" என அயலார் கூறும் வார்த்தையே ஆபத்தானது. உயர் அமுக்கம் பெரும்பாலும் நோவோ அறிகுறியோ தராது வளர்ந்து, பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படுவது.

உடலளவின் எல்லையையும் உணர்தல் வேண்டும். இடை சிறுத்தவர்க்கும் முதுமை, மரபு, உப்பு மிகுதி, சிறுநீரக நோய் முதலியவற்றால் அமுக்கம் உயரலாம். உடலளவு ஐயத்தை எழுப்பும்; தீர்ப்புக் கூறும் உரிமை கருவிக்கே உரியது. அக்கருவியும் உடலளவுக்குக் கட்டுப்பட்டது. பருத்த கையிற் சிறிய பட்டியைக் கட்டினால் இல்லாத உயர்வு தோன்றும். றிவா-றொச்சியின் பட்டி மிகக் குறுகியதென 1901 இலேயே செருமானிய அறிஞர் வொன் றெக்லிங்கவுசன் திருத்தங் கூறினார். நாற்பது வயதைக் கடந்தவர் தம் இடை எவ்வாறிருப்பினும் ஆண்டுக்கொரு முறையேனும் அமுக்கத்தை அளப்பித்தல் நன்று.

இவ்வரலாற்றின் அண்மைத் திருப்பம் தமிழர் கணக்கிற்கு மிக அணித்தாக வருகின்றது. இடைச் சுற்றளவை உயரத்தோடு ஒப்பிடும் முறையை 1990களில் யப்பானிய, ஆங்கில ஆய்வாளர் முன்வைத்தனர். இடை உயரத்தின் பாதியை எட்டாதிருத்தல் வேண்டுமென இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2022 இல் அறிவுறுத்தியது. 170 சென்றிமீற்றர் உயரமுள்ள ஆடவர்க்கு அப்பாதி 85. 160 சென்றிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு 80. சென்னை அறிஞர் கண்ட எண்களும் இவையே. உயரம் குறைந்தோர்க்கு எல்லை தானே குறையும்; நாட்டுக்கொரு பட்டியல் வேண்டுவதில்லை.

இதற்கு வேண்டிய கருவி ஒரு நூல்கயிறே. உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்து, அந்நூலை இரண்டாக மடித்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சு விட்ட நிலையிற் சுற்றிப் பார்க்க. அரைஞாண் கயிறு இன்னும் கீழே தங்குவது. அதன் தளர்வைக் கண்டு ஆறுதலடைதல் ஆகாது. மடித்த நூலின் இரு முனைகளும் சந்திக்கவில்லையாயின் காலந் தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் சென்று அமுக்கத்தை அளப்பித்தல் கடன். எண்சாண் உடம்புக்கு இடை நான்கு சாணுக்குள் அடங்குக என்பதே இந்நெடிய வரலாறு ஈற்றிலே தரும் விதியாகும்.