தினையளவு போதும்

தருமபுரின்னு சொன்னா ஒகேனக்கல் ஞாபகம் வரும். அடுத்தது ஒரு நெல்லிக்கனி. சங்க காலத்துல இந்த ஊருக்குப் பேரு தகடூர். மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி. எட்டாத மலைப்பிளவுல இருந்து பறிச்ச கனிய, அதோட பலனை வெளியே சொல்லாம ஔவையாருக்குக் கொடுத்துட்டான். ஔவை அந்த நன்றிய ஒரு பாட்டாவே பாடிட்டாங்க (புறநானூறு 91). அவங்க பாடாம விட்டிருந்தா அதுவும் இன்னொரு நெல்லிக்காய், அவ்ளோதான் :-)

ஆனா அதே அதியமான் வாசல்ல நடந்த இன்னொரு கதைய நாம அதிகம் பேசறதில்ல. புறநானூறு 208. பாடினவர் பெருஞ்சித்திரனார்.

பல குன்றும் மலையும் தாண்டி அதியமானைப் பார்க்க வர்றார். மன்னன் இவரைப் பார்க்கவே இல்ல. "இதை வாங்கிட்டுக் கிளம்பச் சொல்லு"ன்னு பரிசை மட்டும் அனுப்பறான். புலவர் வாங்கலை! என்னைப் பார்க்காமலே நான் யாருன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது, பார்க்காம கொடுத்ததை வாங்கிட்டுப் போக நான் என்ன வியாபாரியா, என் தகுதி தெரிஞ்சு மதிச்சுக் கொடுத்தா தினையளவு கூட எனக்கு இனிப்புதான்னு சொல்லிட்டார்.

'வயிறு நிறைஞ்சவன் பேசற வீறாப்பு'ன்னு நினைச்சுடாதீங்க. இதே புலவர் புறநானூறு 159ல தன் வீட்டைப் பத்திப் பாடறார். தள்ளாத வயசுல அம்மா, பசியில குழந்தை, உப்பில்லாமக் கீரைய வேகவெச்சுச் சாப்பிடற மனைவி. அப்படிப்பட்ட வறுமையைப் பார்த்தவர்தான் பரிசை வேண்டாம்னார்.

எங்க மென்பொருள் உலகத்துல வருஷா வருஷம் அப்ரைசல் நடக்கும். ஒரு மின்னஞ்சல்ல ஒரு சதவீதம் வரும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு நீங்க சரி பண்ண பிழை என்னன்னு, அந்த எண்ணைப் போட்டவருக்கே தெரியாம இருக்கலாம். 'என்னை எப்படித் தெரிஞ்சுது?'ங்கற புலவரோட கேள்வி அங்கதான் சுருக்குன்னு குத்துது.

அதுக்காக "சூப்பர் வொர்க்"னு ஒரு வரி அனுப்பிட்டு சம்பள உயர்வை அமுக்கிடலாம்னு அர்த்தம் இல்லீங்க. தினையளவாவது *கொடுக்கணும்*. கூடவே பார்க்கவும் பார்க்கணும்.

சரி, வீட்ல? அதையும் இதே மனுஷன்தான் சொல்லித் தர்றார். முதிரமலைக் குமணன் கொடுத்த செல்வத்தோட வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட பேசறார் (புறநானூறு 163). உன்மேல அன்பா இருக்கறவங்களுக்கும், நம்ம பசி தீரக் கடன் கொடுத்தவங்களுக்கும் கொடு, என்னைக் கூடக் கேட்க வேண்டாம், எல்லாருக்கும் கொடுங்கறார். யார் யார்கிட்ட கைமாத்து வாங்கி வீட்டை ஓட்டினாங்கன்னு தனக்குத் தெரியும்னு சொல்லாமச் சொல்றார். 'நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன்' அப்படிங்கறதுக்கு இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியல.

அதியமான் கஞ்சன் கிடையாது, கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தன். நெல்லிக்கனி கொடுத்த அதே கைதான் பெருஞ்சித்திரனாருக்கும் பரிசு அனுப்பிச்சு. கொடுக்கத் தெரிஞ்சவனே ஒரு நாள் நிமிர்ந்து பார்க்க மறந்துட்டான். நாமெல்லாம் எம்மாத்திரம்?

அதனால இன்னிக்கு ராத்திரி சாப்பாடு நல்லா இருந்தா, தட்டுலேர்ந்து தலைய நிமிர்த்தி, சமைச்சவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிடுங்க. தினையளவு போதும்.