கனஅளவு எடை

கனஅளவு எடை என்பது, ஒரு பொதி அடைத்துக்கொள்ளும் இடத்தை எடையாக மாற்றிக் கூறும் அளவீடு ஆகும். கூரியர் அலுவலகங்களில் இது 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்றே வழங்கப்படுகிறது. வானூர்திச் சரக்கு, விரைவுத் தூதஞ்சல் முதலிய சேவைகளில் பொதியின் உண்மை எடை, கனஅளவு எடை ஆகிய இரண்டும் கணிக்கப்பட்டு, அவற்றுள் எது மிகுதியோ அதற்கே கட்டணம் பெறப்படுகிறது. இவ்வாறு தெரிவு செய்யப்படும் எடை கட்டண எடை எனப்படும். எனவே, எடை குறைந்த பொருளாயினும் பெரிய பெட்டியில் அடைத்து அனுப்பினால் செலவு கூடும். காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளை ஒவ்வொன்றாக வெளியூர் வாடிக்கையாளருக்கு அனுப்பும் வணிகத்தில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம்.

காரணம்

ஊர்தி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, அது தாங்கக்கூடிய எடை. மற்றொன்று, அது கொள்ளக்கூடிய இடம். நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை ஏற்றினால், இடம் மீதமிருக்கும்போதே எடை வரம்பு எட்டப்பட்டுவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளை ஏற்றினால், எடை வரம்பை நெருங்கும் முன்பே இடம் நிரம்பிவிடும். எடையை மட்டும் கொண்டு கட்டணம் பெற்றால், பொம்மைகள் அடைத்த இடத்திற்கான செலவையும் விளக்குகளை அனுப்புவோரே ஏற்க நேரிடும். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவே கனஅளவு எடை பயன்படுகிறது.

கணிக்கும் முறை

கனஅளவு எடை = (நீளம் × அகலம் × உயரம்) ÷ வகுஎண்

இங்கு அளவுகள் சென்டிமீட்டரிலும், விடை கிலோகிராமிலும் அமையும். வகுஎண் நிறுவனத்திற்கு நிறுவனம், சேவைக்குச் சேவை வேறுபடும். வானூர்திச் சரக்கில் 6000 என்னும் வகுஎண் வழக்கத்திலுள்ளது. டிஎச்எல், பெடெக்ஸ், யூபிஎஸ் ஆகியவற்றின் பன்னாட்டு விரைவுச் சேவைகளில் 5000 பயன்படுகிறது. 6000 என்பது ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 167 கிலோகிராம் எனவும், 5000 என்பது 200 கிலோகிராம் எனவும் கொள்வதற்கு ஒப்பானது. வகுஎண் குறையக் குறையக் கட்டண எடை கூடும்.

பொதியின் வெளிப்புற அளவுகளே கணக்கில் கொள்ளப்படும். பக்கங்கள் புடைத்திருந்தால், மிகுதியாகப் புடைத்த இடத்திலிருந்தே அளவு எடுக்கப்படும். கிடைக்கும் எடை அடுத்த படிக்கு உயர்த்தப்படும். சிறு பொதிகளுக்கு இப்படி பெரும்பாலும் அரை கிலோகிராமாக இருக்கும்.

எடுத்துக்காட்டு

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலிருந்து 750 கிராம் எடையுள்ள பட்டுச் சேலை ஒன்று வெளிநாட்டிற்கு அனுப்பப்படுவதாகக் கொள்வோம். மடித்த நிலையில் அதன் அளவு 35 × 25 × 4 செ.மீ. வகுஎண் 5000, படி அரை கிலோகிராம்.

1. அட்டையும் உறையும் மட்டும் இட்டுக் கட்டிய பொதி: 35 × 25 × 5 செ.மீ. உண்மை எடை 0.80 கி.கி.; கனஅளவு எடை 0.875 கி.கி.; கட்டண எடை 1 கி.கி.

2. அதே பொதியை எல்லாப் பக்கங்களிலும் 2 செ.மீ. கூடுதலாக உள்ள பெட்டியில் இட்டால்: 39 × 29 × 9 செ.மீ. உண்மை எடை 1 கி.கி.; கனஅளவு எடை 2.04 கி.கி.; கட்டண எடை 2.5 கி.கி.

3. பத்துச் சேலைகளை அடுக்கி ஒரே பெட்டியில் இட்டால்: 37 × 27 × 42 செ.மீ. உண்மை எடை 8.1 கி.கி.; கனஅளவு எடை 8.39 கி.கி.; கட்டண எடை 8.5 கி.கி. அதாவது, சேலை ஒன்றுக்கு 0.85 கி.கி.

மடித்த சேலையின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 214 கிலோகிராம். இது 200 என்னும் எல்லைக்கு மேற்பட்டது. ஆகவே, பட்டு இயல்பில் இடத்தை அடைக்கும் சரக்கு அன்று. இரண்டாவது பொதியின் கூடுதல் கட்டணம் பெட்டிக்குள் உள்ள காற்றுக்குச் செலுத்தப்படுவதாகும். தட்டையான பொதிகளில் உயரம் சிறிது கூடினாலும் கனஅளவு பெருமளவு கூடும் என்பதும் கவனிக்கத்தக்கது. அதே பெட்டியின் உயரத்தை 9 செ.மீ.யிலிருந்து 8 செ.மீ. ஆகக் குறைத்தால், கனஅளவு எடை 1.81 ஆகவும், கட்டண எடை 2 கி.கி. ஆகவும் குறையும்.

பிற வகைப் போக்குவரத்து

கடல்வழியாக, முழுக் கொள்கலனை நிரப்பாத சரக்கிற்கு 1 கன மீட்டர் அல்லது 1000 கிலோகிராம், இவற்றுள் மிகுந்ததற்குக் கட்டணம் பெறுவது வழக்கம். ஆகவே இலேசான பொருட்களுக்குக் கடல்வழியே சிக்கனமானது. கடித அஞ்சல் வகையைச் சேர்ந்த பன்னாட்டுச் சிறு பொதிகளில், மூன்று பக்க அளவுகளின் கூட்டுத்தொகை 90 செ.மீ.யையும், எந்த ஒரு பக்கமும் 60 செ.மீ.யையும் தாண்டலாகாது. அவ்வரம்புக்குள் கட்டணம் எடையைப் பொறுத்தே அமையும்.

தரைவழிப் போக்குவரத்துக்கு விரிவு

அமெரிக்காவில் தரைவழிப் பொதிகளைப் பொறுத்தவரை, 3 கன அடிக்கு மேற்பட்டவற்றிற்கு மட்டுமே கனஅளவு எடை முன்னர் கணிக்கப்பட்டது. யூபிஎஸ் 2014 திசம்பர் இறுதியிலும், பெடெக்ஸ் 2015 சனவரியிலும் இவ்வரம்பை நீக்கி, எல்லாத் தரைவழிப் பொதிகளுக்கும் இதனை விரிவாக்கின. இணையவழி வணிகத்தால் இலேசான பெரிய பெட்டிகள் பெருகியது இதற்கு முதன்மையான காரணமாகும்.

சிறு வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

விற்பனையாளர் பொதியைத் தராசில் மட்டும் நிறுத்து, அதற்கேற்ற அனுப்பும் செலவை விலையில் சேர்த்திருந்தால், கூரியர் நிறுவனம் பின்னர் அளந்து கேட்கும் வேறுபாட்டை அவரே ஏற்க வேண்டியிருக்கும். நேரடியாக விற்கும் நெசவாளருக்கு அது கூலியிலிருந்தே குறையக்கூடும். எனவே, விலை கூறும் முன் கட்டிய பொதியின் மூன்று பக்கங்களையும் அளப்பதும், நிறுவனத்தின் வகுஎண், படி ஆகியவற்றைக் கேட்டறிவதும் இன்றியமையாதவை. ஒரே முகவரிக்குச் செல்லும் சேலைகளை ஒரே பொதியாக்குவதும் செலவைக் குறைக்கும்.

எனினும், பொதியைச் சிறிதாக்க வேண்டும் என்பதற்காகச் சேலையை அளவுக்கு மீறி மடிக்கலாகாது. சரிகை இழைகள் கூர்மையான மடிப்புகளில் பழுதடையக்கூடும். சேலையை வழக்கமான மடிப்பிலேயே வைத்து, அதன் அளவுக்குப் பொருந்தும் உறுதியான அட்டையைத் தேர்வதே பொருத்தமான முறையாகும்.